கானாங்கெளுத்தியின் குடல்

சரசாவின் மாமனார் வீட்டு நிலத்தில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது. திருவேற்காட்டில் அதன் வாசலுக்கு எதிரேதான் அவள் மீன் விற்கிறாள். கணவன் துலுக்கானம் பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பயிர் வைத்த குடும்பத்துப் பெண் மீன் கூடையைத் தொடுவதா என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தபோது அவள் பொருட்படுத்தவில்லை. காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வருவது, செதில் சீவுவது, குடல் எடுப்பது, எல்லாம் அவள் ஒருத்திதான்.

குடலில் புழு இருப்பது அவளுக்குப் புதிதல்ல. கடல் மீனைக் கீறினால் சில நாள் வெள்ளை நூலைச் சுருட்டி வைத்ததுபோல ஈரலில் ஒட்டிக்கொண்டிருக்கும். குடலோடு வழித்து வாளியில் போட்டுவிடுவாள். வாங்குகிறவர்களிடம் சொன்னதில்லை. வேக வைத்துச் சாப்பிடப்போகிறவர்களுக்கு எதற்கு அருவருப்பு என்று இருந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடி அஸ்வின் வந்தான். ஐடி வேலைக்காக மதுரையிலிருந்து வந்து குடியேறியவன். ஆபீஸ் வேலையாக ஜப்பான் போய்த் திரும்பியிருந்தான்.

"அக்கா, கானாங்கெளுத்தி குடுங்க. முள்ளில்லாம சதை மட்டும். இன்னைக்கு அடுப்பே கிடையாது. எலுமிச்சைச் சாறுல ஊறவச்சு அப்படியே சாப்பிடப்போறேன்."

"பச்சையாவா? இன்னா சார் வெளாட்டு இது" என்று சிரித்தாள் சரசா.

"அங்க நிறையப் பேர் அப்படித்தான்க்கா சாப்பிடுறாங்க."

அவனுக்கான மீனைக் கீறியபோது புழுக்கள் இருந்தன. வழக்கத்தைவிட அதிகம். அவள் கை நின்றது. பக்கத்தில் வேறு ஆட்கள் மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் அத்தனை பேரும் போய்விடுவார்கள். சார் சும்மா சொல்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சதையை இன்னொரு தரம் கழுவிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை குடியிருப்பின் காவலாளி எத்திராஜ் வந்து நின்றார்.

"அஸ்வின் சாரை ஆஸ்பத்திரில சேத்துக்கீறாங்க. வயித்தப் புடிச்சிகினு சுருண்டு கெடந்தாரு. ஒரே வாந்தி."

"இன்னா துன்னாராம்?"

"யாருக்குத் தெரியும். அவரு சம்சாரம் அழுதுகினே கார்ல ஏறிச்சி."

சங்கரா கேட்டவருக்குச் சரசா வஞ்சிரத்தை எடைபோட்டாள். தெருவில் எந்த வண்டி மெதுவாகப் போனாலும் போலீஸோ என்று தலை நிமிர்ந்தாள். அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பை முழுதாக நினைக்கவும் அவளால் முடியவில்லை. கடையை மூடிவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள்.

துலுக்கானம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "நீ வாயத் தொறக்காத. அவரு பச்சையா துன்னா அதுக்கு நீ இன்னா பண்ணுவ? அப்பறம் அங்க ஒக்காரவே உடமாட்டாங்க."

"புழு இருந்திச்சிய்யா. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

அவன் வண்டியைக் கிளப்பினான். "ஏறு" என்றான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அஸ்வினின் மனைவி மோகனப்பிரியா உட்கார்ந்திருந்தாள். "அல்சரா, குடல்வாலான்னு பாத்துட்டு இருக்காங்கக்கா. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல."

"சார் அந்த மீனைப் பச்சையா துன்னாராம்மா?"

மோகனப்பிரியா நிமிர்ந்தாள். "வேணாம்னு அவ்ளோ சொன்னேன். நான் வெளிய போயிருந்தப்ப... வறுத்துத்தான் சாப்பிட்டேன்னு சொன்னாரு."

"எங்கிட்ட பச்சையா துன்னப்போறேன்னுதான் சொன்னாரு. குடல்ல புழு இருந்திச்சிம்மா. நான் சொல்லல."

"தெரிஞ்சே ஏன் சொல்லல?"

சரசா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோகனப்பிரியா எழுந்து டாக்டரைத் தேடி ஓடினாள்.

டாக்டரம்மா சரசாவையும் கூப்பிட்டுப் புழு எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டார். "எப்படியும் குழாய் விட்டு வயித்துக்குள்ள பாக்கத்தான் இருந்தோம். இப்பவே பாத்துடலாம்" என்றார்.

கதவு மூடியது. துலுக்கானம் டீ வாங்கி வந்தான், பெண்கள் இருவரும் தொடவில்லை. மோகனப்பிரியா எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தாள். சரசா அவள் முகத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

கடைசியில் டாக்டரம்மா சின்னக் குப்பியோடு வெளியே வந்தார். உள்ளே மெல்லிய வெள்ளைப் புழு ஒன்று. இரைப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு இருந்ததாம்; இடுக்கியால் எடுத்துவிட்டார்கள். "மீன் செத்த பிறகு இது குடல்ல இருந்து சதைக்குள்ள போயிடும். கழுவினா போகாது, எலுமிச்சைக்கும் சாகாது. நல்லா வெந்தா ஒண்ணும் இல்ல. வலி குறைஞ்சிடும், பயப்படாதீங்க."

சரசா ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

அஸ்வின் வீடு திரும்புவதற்குள் செய்தி எல்லா மாடிக்கும் போய்விட்டது. பல வாரங்கள் யாரும் வரவில்லை. ஐஸ் கரைந்து ஓடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராகத் திரும்ப வந்தபோது, குடலை அவர்கள் கண்முன்னே பிரித்துக் காட்டி, நல்லா வேக வைக்கச் சொன்னாள். "காலங்காத்தால இதெல்லாம் எதுக்குக் காட்டுற" என்று ஓர் அம்மா கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாள்.

அஸ்வின் அதன்பின் வரவில்லை. ஒருநாள் மோகனப்பிரியா ஸ்கூட்டியை நிறுத்தினாள். முகம் கொடுக்காமலே சங்கரா கேட்டாள். சரசா கீறிக் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

"நல்லா வேக வச்சிடும்மா."

"தெரியும்க்கா."

அந்த மீனாலும் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று அன்று முழுவதும் சரசாவுக்கு அந்த வீட்டு நினைப்பாகவே இருந்தது. மறுநாள் காலை மூன்றாம் மாடி பால்கனியில் மோகனப்பிரியா துணி உலர்த்துவதைக் கண்ட பிறகுதான் ஐஸ் பெட்டியைத் திறந்து மீனை எடுத்து அடுக்கினாள்.