பேர் சொன்னால் திரும்பாத ஷமா

ஷூ கம்பெனியின் பிள்ளைகள் காப்பகத்தில் டீச்சர் வேலை என்றால் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் வேலை என்று நினைப்பவர்கள், இரண்டு வயசுக்காரர்கள் பதினாலு பேருக்கு ஒரே நேரத்தில் சோறு ஊட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒன்றே ஒன்றை வைத்துத் திண்டாடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆம்பூரில் நான் அந்த வேலையில் இருந்தபோது நடந்தவை இவை.

காதில் கோளாறா?

ஸ்டிச்சிங் பிரிவில் இருந்த ரஹ்மத்தின் மகள் ஷமா. வயசு ரெண்டு. பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். காது கேட்கவில்லையோ என்று பயந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைப் போட்டேன். மற்ற மூணு பிள்ளைகள் அழுததுதான் மிச்சம்.

மறுநாள் என்னோடு வேலை செய்த கன்னியம்மா பக்கத்து அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். காகிதம் சரசரத்ததுதான் தாமதம், ஷமா அங்கே போய் நின்றாள். கன்னியம்மா சொன்னாள்: "டீச்சர், அதுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நாமதான் அது காதுல விழல."

நூல் கோன் வரிசை

பொம்மையெல்லாம் ஷமாவுக்கு வேண்டாம். தையல் மெஷின்களில் நூல் தீர்ந்து வரும் பிளாஸ்டிக் கோன்களைச் சுவரிலிருந்து வாசல்வரை ஒரே கோடாக அடுக்குவாள். தினமும் அதேதான். ஒருநாள் சூப்பர்வைசர் மனோகரன் உள்ளே வந்தபோது அவர் கால் பட்டு ஒரு கோன் உருண்டது. ஷமா போட்ட கத்தலில் பாவம், மனிதர் மண்டிபோட்டு அதை எடுத்து வைத்தார். அவள் உடனே அதை ஓர் அங்குலம் நகர்த்தினாள். மனோகரன் எழுந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்: "எங்க செக்கிங்லகூட இவ்ளோ கறார் கெடையாது, டீச்சர்."

கேட்டருகே என் தப்பு

காக்கா பறந்தால் மற்ற பிள்ளைகள் விரலை நீட்டி, "தோ, தோ" என்று நமக்குக் காட்டும். ஷமா எதையும் யாருக்கும் காட்டியதில்லை. தண்ணி வேண்டுமென்றால் என் கையை இழுத்துப்போய்க் குடத்தின்மேல் வைப்பாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். சொட்டு மருந்து போட வந்த நர்ஸிடம் இதைச் சொன்னேன். "நாள் கடத்தாம வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போகச் சொல்லுங்க" என்றார்.

நான் அவசரக்காரி. ஷிப்ட் விடும் நேரம், கேட்டருகே நாலு பேர் முன்னால் ரஹ்மத்திடம் சொல்லிவிட்டேன். "எம் பொண்ணுகிட்ட இன்னா கொறை கண்டீங்க?" என்று கேட்டவள், மறுநாளிலிருந்து பிள்ளையைக் கொண்டுவரவில்லை. வேலைக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "போன ரம்ஜானப்போ 'அம்மி'ன்னு என்னைக் கூப்ட்டுக்கினு இருந்தா, டீச்சர். அது எப்போ நின்னுச்சுன்னே எனக்குத் தெர்ல."

ஊசி போடாத டாக்டர்

ரஹ்மத்தும் அவள் வீட்டுக்காரரும் ஷமாவை வேலூருக்குக் கூட்டிப்போனபோது நானும் கூடப் போனேன். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து ஷமாவோடு சோப்பு நுரைக் குமிழி ஊதி விளையாடினார். எங்களிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கடைசியில் ஆட்டிசம் என்றார். எங்கள் யாருக்கும் அந்த வார்த்தை தெரியாது. "நான் வேலைக்குப் போனதாலயா?" என்று ரஹ்மத் அழுதாள். "இல்லம்மா, இது யாரோட தப்பும் இல்ல. சின்ன வயசுலயே கூட்டிட்டு வந்தது நல்லது" என்றவர், தினமும் முகத்துக்கு நேராக உட்கார்ந்து ஆட வேண்டிய விளையாட்டுகளைச் சொல்லிக் கொடுத்தார்.

ரஹ்மத்தின் வீட்டுக்காரர் தோல் பதனிடும் டேனரியில் சுமை தூக்குபவர்; திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா வரை ஷமாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். அப்புறம் கேட்டார்: "ஊசின்னா பிடிச்சுக்குவேன். விளையாடச் சொல்றாங்களே, எனக்கு அது வராதே, டீச்சர்?"

கரண்ட் போன பகல்

விளையாட அவருக்கு வந்தது. எனக்கும் கன்னியம்மாவுக்கும்கூட வந்தது. ரஹ்மத்தும் வேலைக்குத் திரும்பினாள்; எட்டு மாசம் குமிழி ஊதினோம். ஒரு மத்தியானம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. நின்றுபோன ஃபேனை ஷமா அண்ணாந்து பார்த்தாள். விரலை நீட்டினாள். அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

கன்னியம்மா செருப்பில்லாமல் ஸ்டிச்சிங் ஹாலுக்கு ஓடினாள். மெஷின்கள் நின்றிருந்ததால் ரஹ்மத் மட்டுமா, பாதி ஹாலே வந்துவிட்டது. ஷமா தாயின் முகத்தைப் பார்த்து மறுபடி ஃபேனைக் காட்டினாள். ரஹ்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கரண்ட் இன்னும் கொஞ்ச நேரம் வராம இருக்கட்டும், டீச்சர்."

ஊரே வேர்வையில் நனைந்து திட்டித் தீர்த்த அந்த மத்தியானத்தில், கரண்ட் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருந்திருப்போம்.