வெடித்த கேரட்

மலைக்கிராமமான பூண்டியில் கேரட் கழுவும் இடத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். ஆண்கள் போடும் ஸ்வெட்டர், தலையில் துண்டு, குளிர்ந்த தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள்.

வெடித்த கேரட்டையும் கால்போல் இரண்டாகப் பிரிந்த கேரட்டையும் வியாபாரிகள் வாங்குவதில்லை. அவை கழுவுகிறவர்களுக்கு என்பது அங்கே வழக்கம். அந்த அம்மா ஒவ்வொன்றையும் முந்தானையில் துடைத்துத்தான் பையில் போடுவார். அவர் தெருவில் ஐந்து வீட்டுப் பெண்கள், கேரட், உருளை, பீன்ஸ் என்று அவரவர் வேலை செய்யும் இடத்துக் கழிவைக் கொண்டுவந்து சாயங்காலம் பங்கு போட்டுக்கொள்வார்கள். காய்க்கென்று அந்த வீடுகளில் காசு செலவில்லை.

அன்று வந்த புது வியாபாரி அந்தப் பையைப் பிடித்தார். "கழிவையும் லாரில ஏத்தும்மா. ஏரிக்கரையில சவாரி விடுற குதிரைக்காரங்க கேக்குறாங்க."

"குதிரைக்குப் பசிச்சா நல்ல கேரட்டாக் குடுங்க, மொதலாளி. இது எங்க அஞ்சு வீட்டுக் கொழம்பு."

"அப்ப நாளைக்கு வேலைக்கு வராத."

"நாளைக்கு என்ன, இப்பவே நிப்பாட்டியாச்சு. லாரி வெரசாப் போகணும்ல? நீங்களே எறங்கிக் கழுவுங்க."

மற்ற பெண்களும் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார்கள். நானும் தலைச்சுமையை இறக்கிவைத்தேன். மதுரைக்குப் போகவேண்டிய லாரி ஹாரன் அடித்தது. வியாபாரி பையை விட்டார்.

பிடிக்காத இடத்திலிருந்து எழுந்து போய்விடுவதே வீரம் என்று எத்தனையோ ஊர் மாறியவன் நான். அந்த அம்மா உட்கார்ந்த கல்லைவிட்டு அசையவே இல்லை. வெடித்த இன்னொரு கேரட்டை எடுத்து, துடைத்து, பைக்குள் போட்டார்.