செவலைக்கு அஞ்சு வேளை

நேற்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகத் தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போனேன். வயதான பூனைகளுக்கென்றே தனித் தீனியாம். நெத்திலிக் கருவாட்டு வாடை அடித்தது. எனக்கு அண்ணன் மேல் ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் குறையவில்லை, என்ன செய்ய?

டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெண்ணாற்றங்கரையில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே செவலை என்று ஒரு கிழட்டுப் பூனை. வாரத்தில் நாலு நாள் விடிந்ததும் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கும், அதுவும் குறி பார்த்து அண்ணன் செருப்பில். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. "இன்னொரு தடவ எடுத்துச்சுன்னா ஆத்துக்கு அந்தாண்ட விட்டுருவேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

காய்கறிக் கூடையில் அடைத்து ஒரத்தநாட்டுக்குப் பஸ் ஏறினேன். "கூடையில என்னம்மா?" என்றார் கண்டக்டர். "கோழிங்க" என்றேன். கோழி மியாவ் என்றது.

கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "கிட்னி தளர்ந்துருக்கு மேடம். வெறும் வயித்துல கெடந்தா எடுக்கத்தான் செய்யும். கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு வேளை குடுங்க."

சிக்கலே அதில்தான். அந்த வீட்டில் காக்காய்க்குச் சோறு வைத்து, அது வந்து கொத்தும்வரை மனிதருக்கும் சோறு கிடையாது, பூனைக்கும் கிடையாது. "காக்காய்க்கு முந்தி அதுக்கென்ன அவசரம்?" என்பார் அண்ணன். நான் அவர் எழுமுன்னே மீனை வேகவைத்துத் திருட்டுத்தனமாக ஊட்டினேன். ஒரு மாதத்தில் வாந்தி அநேகமாக நின்றது. தன் அதட்டலுக்குப் பயந்து பூனை திருந்திவிட்டதாக அண்ணன் நினைத்துக்கொண்டார்.

பிறகு தேர்வு வேலையாக நாகூருக்கு இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. அண்ணியிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன். இடையில் அமாவாசை. அன்றைக்கென்று பார்த்துக் காக்காய் மத்தியானம் வரை வரவில்லையாம். பட்டினி கிடந்த செவலை, படையல் இலைக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்துவிட்டது.

நான் திரும்பி வந்தபோது செவலை இல்லை; அதை அடைத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோன சாக்கு மட்டும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"பொழச்சுக்கும்மா, ஆத்தோரம் மீனு கெடக்குல்ல" என்றார் அண்ணன், வெற்றிலை மடித்தபடியே.

மூன்று நாள் அக்கரையில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே திரிந்தேன். கிடைக்கவில்லை. அஞ்சு வேளையும் யாராவது எடுத்து வைத்தால்தான் உயிர் தங்கும் பூனை அது. அவர்தான் கொன்றார் என்று இன்றும் சொல்வேன்.

அதற்குப் பிறகு அவரை 'அண்ணே' என்று நான் கூப்பிட்டதே இல்லை. 'இந்தாங்க', 'இங்க பாருங்க' என்றே ஓட்டிவிட்டேன். அவர் இதுவரை அதைக் கவனிக்கவே இல்லை.