நாலாம் எண்ணில் மட்டும் சுற்றிய விசிறி

அண்ணா கனடாவுக்குப் போகும்போது காரை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அன்பளிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். வாகனப் புத்தகம் இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அம்மாவைக் கிளினிக்குக்கும், வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கும் கூட்டிப்போக எனக்குக் கிடைத்த சம்பளமில்லாத டிரைவர் வேலை அது. ஒன்பது வருடமாகச் செய்கிறேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அண்ணாவின் விசாரணை வேறு.

போன வெயில் காலத்தில் ஏசி விசிறி சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. குமிழை ஒன்றில் வைத்தாலும் இரண்டில் வைத்தாலும் மூன்றில் வைத்தாலும் மூச்சே இல்லை. நாலில் வைத்தால் மட்டும் புயல். அந்தக் குளிர் காற்று அம்மாவின் நெஞ்சில் ஏறி இருமல் தொடங்கிவிடும். நிறுத்தினால் கொழும்பின் காலி வீதி நெரிசலில் வியர்த்துத் தலை சுற்றும். நடுவில் ஒன்று கிடையாது.

அண்ணாவிடம் சொன்னேன். சொன்னது என் பிழை.

"நீ பாவிக்கிற விதம் சரியில்லை. நான் அங்க இருக்கேக்க ஒரு பிழையும் இல்லாத கார்," என்றார். "இந்த மாசத்துக்குள்ள சரி வராட்டி வித்துப்போடுவம். அம்மா ஓட்டோவில போகட்டும்."

அம்மாவின் முழங்கால் ஓட்டோவில் ஏறி இறங்கும் நிலையில் இல்லை. அதைவிட, கெடுத்தவள் நான் என்ற பெயரோடு கார் போகும். அந்தப் பெயரைத்தான் என்னால் தாங்க முடியாது.

நுகேகொடையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் குமிழை ஒரு தரம் திருகிப் பார்த்து, "மோட்டர் எக இவரய், மிஸ்" என்றார். மோட்டார் முடிந்துவிட்டதாம். செத்த மோட்டார் நாலில் எப்படி ஓடுகிறது என்று சிங்களத்திலேயே கேட்டேன். மனுஷன் உடனே, அப்படியென்றால் ஏசிக்குக் குளிர்வாயு, கேஸ், அடித்துப் பார்ப்போம் என்றார். பெண்பிள்ளை தனியே வந்தால் எதையும் தலையில் கட்டலாம் என்ற நினைப்பு. கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு அண்ணா, "ஹீட்டரைப் போட்டுப் பார்," என்றார். கொழும்பு வெயிலில் ஹீட்டர்! இருந்தும் வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியை நிறுத்தி, குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பி உட்கார்ந்தேன். வியர்வை முழங்கையால் வழிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று மௌனம். நாலில் அனல். ஆக, குளிருக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை, கேஸுக்கும் சம்பந்தமில்லை. கோளாறு விசிறியின் வேகத்தில்தான். அண்ணா சொன்ன சோதனை பலித்துவிட்டதே என்ற எரிச்சல் அனலை விட மோசமாக இருந்தது.

பிறகு இணையத்தில் தேடினேன். குறைந்த மூன்று வேகங்களுக்கும் மின்சாரத்தை மட்டுப்படுத்தி அனுப்ப ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறதாம். விசிறியின் காற்றுப் பட்டுத்தான் அது சூடாறும். காற்றுப் பாதை அடைத்தால் எரிந்துவிடும். நாலாம் வேகத்துக்கு அது தேவையில்லை. விஷயம் இவ்வளவுதான். இதற்கா கேஸ்?

அடைப்பு எங்கே என்று பார்க்க, அம்மாவின் இருக்கைக்கு முன்னால் இருக்கும் குளோவ் பொக்ஸைக் கழற்றினேன். பின்பக்கத்திலிருந்து திருநீறு கொட்டியது. காற்றை உள்ளே இழுக்கும் வாயில் காய்ந்த பூவும், சின்னப் பொட்டலங்களாக நிறையக் காகிதச் சரைகளும். வெள்ளிக்கிழமைகளில் ஐயர் தரும் திருநீற்றையும் பூவையும் அர்ச்சனைச் சீட்டிலேயே சரையாகச் சுற்றி, அம்மா அந்தப் பெட்டிக்குள் திணித்திருக்கிறா. அவவுக்கு அதைக் குப்பையில் போட மனம் வராது, கால் படவும் கூடாது. நாலாம் மாடியில் மரத்தடி கிடையாது. கடலில் போடலாமென்றால் ரயில் பாதையைக் கடக்க முழங்கால் விடாது. பெட்டி நிறைந்து, சரைகள் பின்னால் விழுந்திருக்கின்றன.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். குவியலைப் படமெடுத்து, 'உங்கட காரைக் கெடுத்தது ஆர் எண்டு பாருங்கோ' என்று அண்ணாவுக்கு எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு சரை கையில் பிரிந்தது.

ஐயர் வாசிப்பதற்காகச் சீட்டின் பின்னால் அம்மா பெயரும் நட்சத்திரமும் எழுதுவா. அண்ணாவின் பெயர். பூரட்டாதி. அடுத்ததைப் பிரித்தேன். பூரட்டாதி. அதற்கடுத்ததும் அதுவே. வெறி பிடித்தவள் மாதிரி ஒன்று விடாமல் பிரித்தேன். இரண்டொன்றில் அண்ணாவின் பிள்ளைகள் கூட இருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளியும் வெயிலில் காரை நிறுத்த இடம் தேடி அலைந்த நான் ஒன்றில்கூட இல்லை.

படத்தை அழித்தேன். அதையும் பார்த்து அவர் உருகவேண்டுமா?

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் ரெசிஸ்டர் வாங்கினேன். இரண்டு திருகாணிதான், நானே பூட்டினேன். விசிறி ஒன்றில் மெல்ல ஓடியது. அண்ணா காரணம் கேட்டபோது, "இலை அடைச்சுக் கிடந்தது," என்றேன்.

"மரத்துக்குக் கீழ விடாதை எண்டு அப்பவே சொன்னனான்," என்றார். கார் தப்பியது. கெடுத்த பெயர் எனக்குத்தான்.

அடுத்த வெள்ளி, கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பும்போது விசிறி ஒன்றில் இருந்தது. இருமல் இல்லை. அம்மா புதுச் சரையோடு குளோவ் பொக்ஸைத் திறந்தா.

"அம்மா, எனக்கு ஒருக்காலும் அர்ச்சனை செய்யிறேல்லையோ?"

அவ உண்மையாகவே ஆச்சரியப்பட்டா. "உனக்கு என்னத்துக்குப் பிள்ளை? நீ இஞ்சதானே நிக்கிறாய்."

நான் குமிழை நாலுக்குத் திருப்பினேன்.

"குளிருது பிள்ளை," என்றா அம்மா, சேலைத் தலைப்பை நெஞ்சுக்கு மேல் இழுத்துக்கொண்டு. கேட்காத மாதிரி ஓட்டினேன். கொள்ளுப்பிட்டி தாண்டும் வரைக்கும் குறைக்கவில்லை.