பெயரில் இருந்த இடைவெளி

புதுக்குடியிருப்பில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண அல்பம் செய்யும் வேலையில் இருந்தேன். படங்களால் கணினி நிரம்பி வழிகிறது என்று முதலாளி முறையிட, கனடாவில் கணினித் துறையில் இருக்கும் அவருடைய மச்சான் கணினிக்கான கட்டளையாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினார். வாராவாரம் அது தானாக ஓடி, ஆகப் பழைய போல்டரை அழித்துவிடும்.

அதில் இருந்தது ஒரே வரி. டாலர் குறி போட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டளையை எழுதினால், அது தரும் விடை அந்த இடத்திலேயே வந்து நிற்கும். உள்ளே இருந்த கட்டளை பழைய போல்டரின் பெயரைச் சொல்லும். வெளியே இருந்தது அதை அழிக்கும். சுற்றிவர இரட்டை மேற்கோள் குறி போடாவிட்டால், இடைவெளி உள்ள பெயரை அது இரண்டு பெயர்களாக உடைத்துவிடும். மச்சான் போடவில்லை.

எங்களிடம் ‘கனகராயன்குளம் பழசு’ என்றொரு போல்டர் இருந்தது. ‘கனகராயன்குளம்’ என்று இன்னொன்று; போன மாதம் அந்த ஊரில் எடுத்த கலியாணம். பழையதை அழிக்கப் போன ஸ்கிரிப்ட், பெயர் உடைந்து முதல் சொல் மட்டும் பொருந்த, புதியதை அழித்தது. பழையது அப்படியே இருந்தது. கமரா கார்டிலும் அதற்குள் வேறு படங்கள் ஏறிவிட்டன.

மச்சானுக்கு போன் எடுத்தோம்.

“ஆர் உங்களைப் பேருக்குள்ள இடைவெளி விடச் சொன்னது?” என்று என் மேல் பாய்ந்தார்.

“சனம் இடைவெளி விட்டுத்தான் எழுதும், அண்ணை. நீங்கள் எல்லோ அதை யோசிச்சிருக்கோணும்?”

“ரெண்டு குறிதானே, போட்டு விடுங்கோ” என்று சிரித்தார். 

அடுத்த கிழமை அந்தக் கலியாணத்து மணப்பெண் பஸ் ஏறி வந்தாள்.

“கார்ட் பழுதாப் போச்சு, தங்கச்சி” என்றார் முதலாளி, கூசாமல்.

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். “சண்டைக்குள்ள இடம்பெயரேக்க வீட்டுப் படம் முழுக்கப் போயிட்டுது. இதையாவது வச்சிருப்பம் எண்டு நினைச்சனாங்கள்.”

“கார்ட் பழுதில்லை. எங்கட கணினிதான் அழிச்சது. பிழை எங்களில” என்றேன்.

முதலாளி முறைத்தார். அல்பம் செய்ய வேறு ஆள் இல்லாததால் என்னை வேலையில் இருந்து நிற்பாட்டவில்லை.

உறவினர்களின் போன்களில் இருந்த படங்களை அவள் வாங்கி அனுப்பினாள். பாதி மங்கல், தாலி கட்டும் படத்தில் யாரோ ஒருவரின் முழங்கை. அவற்றை வைத்து அல்பம் செய்தேன். அட்டையில் ஸ்டூடியோவின் பெயரைப் போடவில்லை. ஏன் என்று முதலாளி கேட்டார். “இதில ஒரு படமும் நாங்கள் எடுத்ததில்லையே” என்றேன்.