மத்தியில் கலந்த கசப்பு

சுலெய்ஜிக்கு நகப்பூச்சுதான் பிழைப்பு. ரியோ நகரை ஒட்டிய காஷியாஸ் ஊரில் தன் வீட்டு முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். "ஊர்ல உள்ளவங்க கையக் காலப் பிடிச்சுப் பிழைக்கிறேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய மஞ்சள் கடுவன் பூனை ஃபரோஃபா ஊர்மேயப் போய் மூக்கில் புண்ணோடு திரும்பினான். மூக்கு வீங்கி வெடித்தது, காதும் பாதமும் அப்படியே. அந்தப் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த பூனை நோய்தான். மண்ணில் இருக்கும் பூஞ்சை, பூனை நகத்தில் ஏறி ஆளுக்கும் தாவும். அவன் பிறாண்டிய விரலிலிருந்து முழங்கைவரை அவளுக்கும் தோலுக்கடியில் கட்டிகள் வரிசை கட்டின. கையையே முதலாக வைத்திருப்பவளுக்கு வேறென்ன வேண்டும்? நாற்காலிகள் காலியாயின. முதலில் வருவதை நிறுத்தியவள் எதிர்வீட்டு நெயூசா.

"அந்தச் சனியன ஊசி போட்டு முடிச்சிடுடி. பூனைக்கா பஞ்சம்?"

"எனக்கும் அதே நோய்தானேக்கா. என்னையும் சேர்த்து முடிச்சிடலாமா?"

ஃபரோஃபா தண்ணீரையும் ஒதுக்கிய நாட்களில் கால்நடை மருத்துவர் முதுகுத்தோலைத் தூக்கி அடியில் உப்புநீர் ஏற்றினார். அது திமில்போல் நின்று மெல்ல வடிந்தது. "மேல ஆறினாலும் உள்ள இருக்கும்மா. நான் சொல்ற வரைக்கும் மருந்த நிறுத்தாத, வெளிய விடாத" என்றார். அவனைக் கூண்டில் அடைத்தாள்.

வாயைத் திறந்து போட்டால் கடிப்பான். அதனால் கையுறை மாட்டி, கேப்சூலைப் பிரித்து மத்தி மீனில் குழைத்து வைத்தாள். முதலில் துப்பினான். அவள் வேறெதுவும் வைக்கவில்லை. பட்டினி அவனுக்குப் பாடம் சொன்னது. பிறகு எவ்வளவு கசந்தாலும் முழுங்கிவிட்டு, "சமத்து" என்ற அவள் குரலுக்காகத் தலைதூக்கிப் பார்ப்பான்.

ஒருநாள் வாசலில் நின்றபடியே நெயூசா கேட்டாள். "பூனை போய் மருந்து தின்னுமாடி?"

ஆள் பேச வந்ததே பெரிது என்ற சந்தோஷத்தில் சுலெய்ஜி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "மத்தியில கலந்தா போதும்க்கா. யார் வெச்சாலும் தின்னுடுவான்."

மாதங்கள் போயின. அவள் கட்டிகள் அமுங்கின. அவன் மூக்கில் தழும்பு மட்டும் மிஞ்சியது. இனி வெளியே விடலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே கூண்டைத் திறந்தாள். வெயிலில் புரண்டான். சாயங்காலம் சுவரோரம் வாயில் நுரையோடு விறைத்துக் கிடந்தான். பக்கத்தில் மத்தி வாடையோடு ஒரு நீலக்கரைத் தட்டு. சந்தையில் ஒளித்து விற்கும் எலிமருந்து அந்தத் தெருவில் எந்த வீட்டில்தான் இல்லை? தட்டு யாருடையது என்று சுலெய்ஜிக்குத் தெரியும். எதிர்வீட்டிலிருந்து அதில் எத்தனையோ முறை கேக் வந்திருக்கிறது.

அடுத்த வாரம் நெயூசா வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "இப்பதான்டி நிம்மதியா இருக்கு. சிவப்பே போடு."

சுலெய்ஜி அந்தக் கையைத் தொடவில்லை. உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தாள். நெயூசா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"கழுவல. கழுவ வேலையே இல்லக்கா, துளி விடாம நக்கிட்டான். அப்படித்தானே பழக்கினேன்."