வளையல் எந்த ரீலில் வருகிறது?

பசீர் அகமதுக்கு எட்டு வயதில் விஷக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டன. அதுவரை பேசிப் பழகிய பேச்சு மட்டும் தங்கிவிட்டது. அதனால் அவன் பேசுவான். குரல் ஏறாமல் இறங்காமல், பலகையில் தட்டுவதுபோல ஒரே சீராக வரும். மற்றவர்கள் பேசுவதுதான் அவனுக்குப் போய்ச் சேராது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் நிட்டிங் மிஷின் ஓட்டினான். அந்த இரைச்சலில் காது நன்றாகக் கேட்பவர்களும் கையை ஆட்டித்தான் பேசியாக வேண்டும். ஆகவே கம்பெனிக்குள் அவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை. வெளியே வந்தால்தான் தனி ஆளாகிப் போவான்.

தாராபுரத்திலிருந்து சைதுன்னிசாவை அவனுக்குக் கட்டிவைத்தது 1955-ல். அவள் ஐந்தாவது வரை படித்தவள். மாப்பிள்ளைக்குக் காது கேட்காது என்று நிக்காஹுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் வந்த புதிதில் அவனிடம் கத்திக் கத்திப் பேசி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு அவளாகவே கைக்கு மாறினாள். மீசையை முறுக்கினால் முதலாளி. கட்டைவிரலால் கன்னத்தைத் தேய்த்தால் மாமியார். உள்ளங்கையை ஊதிக் காட்டினால் சம்பளம் தீர்ந்துவிட்டது என்று பொருள். கொஞ்ச நாளில் இருவரும் அடுப்படியில் சத்தமே இல்லாமல் சண்டை போடவும் பழகிக்கொண்டார்கள்.

ஒருநாள் பசீர் கேட்டான்: "சினிமாக் கொட்டாயிக்குப் போலாமா? படம் பாத்துட்டு வெளிய வர்றப்ப எல்லாரும் அழுதுட்டு வர்றாங்க. எதுக்கு அழுகறாங்கன்னு எனக்குத் தெரியோணும். நீ சொல்லு."

அதுவரை அவள் பார்த்திருந்ததே இரண்டு படம்தான். ஆனாலும் உடனே தலையாட்டினாள்.

பல்லடம் ரோட்டில் அப்போது ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. மணல் தரை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். சுவரை ஒட்டி இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனும் உட்கார்ந்துகொள்வார்கள். அவள் திரையைப் பார்த்தபடியே சுவருக்கு மேலே கையை வைத்துக் கதை சொல்வாள். பின்னால் இருக்கும் பெண்கள், "ஏனம்மிணி, கையக் கீழ போடு, மறைக்குதல்ல" என்பார்கள். விஷயம் தெரிந்த பிறகு அவர்களே தள்ளி உட்கார்ந்தார்கள்.

அந்தக் காலத்துப் படங்களில் பேச்சுதான் பெரிது. வசனம் எழுதியவர் பெயர் திரையில் வந்ததுமே விசில் பறக்கும். கதாநாயகன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்றால் பேசி முடிக்கும்வரை நகர மாட்டான். அடுக்கடுக்காக வருகிற அந்த வார்த்தைகளை இரண்டு கையால் எப்படிச் சொல்வது? 'அவனுக்குக் கோபம்' என்று காட்டுவாள். 'அவளுக்கும் கோபம்' என்று காட்டுவாள். "எதுக்குக் கோபம்?" என்று பசீர் கேட்பதற்குள் காட்சி மாறியிருக்கும்.

ஒரு படத்தில் திருட்டுப் பழி விழுந்த அண்ணன் கோர்ட்டில் நின்று நெடுநேரம் பேசினான். கொட்டகையே கைதட்டியது. நீதிபதி அவனை விட்டுவிட்டார். பசீர் சுவருக்கு மேலே எம்பி அவள் முக்காட்டை இழுத்தான்.

"ஏன் உட்டுட்டாங்க?"

காரணம் முழுக்க அந்தப் பேச்சில் இருந்தது. அதைக் கையில் கொண்டுவர வழியில்லை. திரையில் அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. யோசிக்க நேரமில்லாமல் அவள் கைகள் தாமாக ஒன்றைச் சொல்லின. 'தம்பி கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனான். அரிசிப் பானைக்குள் கையை விட்டான். களவு போன அம்மாவின் வளையல் கிடைத்தது. கோர்ட்டில் காட்ட எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டான். அதைக் கணக்குப்பிள்ளையின் மனைவி பார்த்துவிட்டாள். பார்த்தும் கத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.'

பசீர் தொடையில் ஓங்கித் தட்டினான். "அப்பிடிச் சொல்லு!" என்றான். மீதிப் படத்தை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தான்.

இத்தனை சுலபமாக வந்ததே என்று சைதுன்னிசாவுக்கே ஆச்சரியம். அதன்பின் வசனம் நீண்ட இடங்களில் எல்லாம் அவள் கை துணிந்துவிட்டது. பேசியே பிரிந்த காதலர்களை ஆற்றின் இரு கரைகளில் நிற்கவைத்து, நடுவே தண்ணீரில் ஒரு குடையை மிதக்கவிட்டாள். பேசியே திருந்திய குடிகாரனைத் தன் குழந்தையின் செருப்பை விற்கப் போகவைத்தாள். பசீர் எல்லாவற்றையும் நம்பினான். நம்பியதோடு நிற்காமல் மறுநாள் கம்பெனியில் நடித்தும் காட்டினான்.

அங்கேதான் வினை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசீருக்குப் பக்கத்து மிஷின் ஓட்டுகிற ஆறுச்சாமி வீடு தேடி வந்தார். நடுவயதுக்காரர், சினிமாப் பைத்தியம். பசீர் கடைக்குப் போயிருந்தான். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தப் படத்துல வளையல் எந்த ரீல்ல வருதுங்க?"

"எந்த வளையலுங்ண்ணா?"

"அதானுங்க, அரிசிப் பானைக்குள்ள கெடக்குதே. பசீரு நடிச்சுக் காட்டுனானுங்க. நான் முந்தியே ஒருக்கா பாத்த படம். எப்பிடி உட்டுப்போட்டன்னு நேத்து மறுக்காப் போயிப் பாத்தனுங்க. அரிசிப் பானையுங் காணம், வளையலுங் காணம். கோர்ட்டுல பேசறான், உட்டுடறாங்க, அவ்வளவுதான்."

சைதுன்னிசா முக்காட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அது படத்துல இல்லீங்ண்ணா."

ஆறுச்சாமி அவளையே பார்த்தார். "இல்லீங்களா? படத்தவிட அது நல்லா இருந்துச்சுங்களே!" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் அதைச் சொன்னார். கம்பெனியிலும் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் சிரிப்பவர்கள் சிரித்தார்கள். "பசீரு பாக்கற படமே வேறப்பா" என்று கையால் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்த பசீர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான்.

"ஊருல எல்லாரும் ஒரு படம் பாத்தாங்க. நான் மட்டும் பொய்யப் பாத்தனா?"

அவள் கையைத் தூக்கினாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் பார்க்காவிட்டால் அவளால் ஒரு வார்த்தையும் பேச முடியாது.

கொட்டகைக்குப் போவது நின்றது. சைதுன்னிசா கம்பெனியிலிருந்து வரும் பனியன்களுக்கு வீட்டில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவனை நோகவைத்துவிட்டோம் என்று வருத்தம் இருந்தது. ஆனால் படம் பார்க்காததில் அவளுக்குக் குறை தெரியவில்லை. வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணக்குப்பிள்ளையின் மனைவி. அவசரத்தில் கையில் வந்து விழுந்த ஒருத்தி. எந்தப் படத்திலும் இல்லாதவள். அவள் ஏன் கத்தவில்லை? புருஷன் மாட்டிக்கொள்வான் என்று தெரிந்தும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்? பிசிறு வெட்டும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்தப் பெண் கூடவே இருந்தாள். அவளுக்கு ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணறு வந்தது. புருஷன் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் கிணற்றடிக்குப் போய்விடுகிற பழக்கம் வந்தது. சைதுன்னிசா பனியனை மடியில் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலை மறந்து உட்கார்ந்திருப்பாள்.

பனியனை மடித்துப் பெட்டியில் அடுக்கும்போது உள்ளே ஒரு அட்டை வைப்பார்கள். அச்சு சரியில்லாத அட்டைகளைக் கம்பெனியில் அடுப்பெரிக்கக் கொடுப்பார்கள். அதில் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் பென்சிலால் எழுதினாள். மத்தியானம் பசீர் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

'கணக்குப்பிள்ளையின் மனைவி உலைக்கு அரிசி அளக்கிறாள். கை பானைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.'

பசீர் எழுத்துக்கூட்டிப் படித்தான். இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு கேட்டான்: "கையில என்ன தட்டுப்பட்டுது?"

அவள் இரண்டாவது அட்டையை வைத்தாள்.

நான்காவது அட்டையில், 'அவள் மனம் உடைந்து அழுகிறாள்' என்று இருந்தது. பசீர் அதைத் திருப்பித் தள்ளினான். "மனசு ஒடஞ்சது எனக்கு எப்பிடித் தெரியும்? அழுகறதுதான் தெரியும். சினிமாவுல எல்லாரும் எல்லாத்துக்கும் அழுகறாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள். சாயங்காலம் வேறொன்று எழுதினாள். 'அளந்த அரிசியைத் திரும்பவும் பானையிலேயே கொட்டுகிறாள். அன்று அந்த வீட்டில் உலை ஏறவில்லை.' பசீர் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் இது நடந்தது. ஒரு காட்சிக்கு ஒரு அட்டை. தவழ்கிற மகள் முனவர் ஒருமுறை பாயில் பரப்பியிருந்ததைக் கலைத்துவிட்டாள். பொறுக்கி அடுக்கும்போது கணக்குப்பிள்ளை வளையலை ஒளித்துவைக்கிற அட்டை, அண்ணன்மேல் பழி விழுகிற அட்டைக்கு முன்னால் வந்து நின்றது. சைதுன்னிசாவுக்குச் சிலிர்த்துப் போயிற்று. நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பழி விழுகிற காட்சி முழுவதும் 'அவன் இல்லை' என்று கத்தத் தோன்றுகிறதே! ஒரு சொல்கூட மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அன்று பிசிறு வெட்டாத பனியன் மூட்டை அப்படியே கிடந்தது. மாமியார் சத்தம் போட்டதும் அவளுக்கு உறைக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் முதலாளி சிவசுப்பிரமணியத்துக்குத் தியேட்டரில் தன் பனியனுக்கு விளம்பரப் படம் போட வேண்டும் என்று ஆசை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து சுப்பையன் என்ற கேமராக்காரரை வரவழைத்தார். என்ன எடுப்பது என்று இருவருக்கும் பிடிபடவில்லை. ஆறுச்சாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மொதலாளி, நம்ம பசீரு ஊட்டுல கதை எழுதறாங்க. ஒருக்காக் கேட்டுப் பாருங்க."

சைதுன்னிசா பசீரோடு வந்தாள். மேஜைமேல் அட்டைகளை வரிசையாக வைத்தாள். ஒருவனுக்குக் கல்யாணப் பத்திரிகை வருகிறது. பார்த்தால் முகூர்த்தம் அன்றைக்கே. இருப்பது ஒரே பனியன், அது கொடியில் காய்கிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஒரு முனை ஆட்டின் வாயில். அவன் இழுக்கிறான், ஆடு இழுக்கிறது, அவன் மனைவியும் வந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுக்கிறாள். பனியன் வாசல் அகலத்துக்கு நீள்கிறது. ஆடு சலித்துப் போய் விட்டுவிடுகிறது. இருவரும் மல்லாந்து விழுகிறார்கள். பனியன் சுருங்கிப் பழையபடி ஆகிவிடுகிறது. கடைசி அட்டையில் அவன் அந்தப் பனியனோடு பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் கட்டிய வாழைமரத்தை ஆடு மேய்கிறது.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். சுப்பையன் மட்டும், "வசனமே இல்லீங்களே?" என்றார்.

"ஆடு பேசாதுங்களே" என்றாள் சைதுன்னிசா.

"அதுஞ் செரிதான்" என்றார் சுப்பையன். "பேச்சில்லாட்டி ரெக்கார்டிங் செலவு மிச்சமுங்க, மொதலாளி." அதோடு முடிவாகிவிட்டது.

படம் டவுன் தியேட்டரில் ஓடியது. ஆடு பனியனைக் கவ்வியதும் ஜனம் ஆர்ப்பரித்தது. சைதுன்னிசா மட்டும் பெண்கள் பக்கத்தில் நெருப்பாக உட்கார்ந்திருந்தாள். பத்திரிகை வருகிற காட்சியைக் காணோம். வெட்டிவிட்டார்கள். திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். பசீர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அவளைத் தேடிப் பிடித்து, இரண்டு கையையும் காகிதம் பிரிப்பதுபோல விரித்துக் காட்டினான். எங்கே அது?

அடுத்த முறை சுப்பையன் கம்பெனிக்கு வந்தபோது அவள் நேராகப் போய் நின்றாள்.

"பத்திரிகைய ஏனுங்க வெட்டுனீங்க?"

"நீளம் ஜாஸ்தியாப் போச்சுங்க அம்மிணி. சனம் சிரிச்சுதுங்களா இல்லீங்களா?"

"ஆட்டப் பாத்துச் சிரிச்சுதுங்க. அந்த மனுசன யாரும் பாக்கலீங்களே. அவன் எதுக்கு இழுக்கறான்னு யாருக்குந் தெரியலீங்க."

சுப்பையன் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "வெட்டுன துண்டு டப்பாவுலதான் கெடக்குதுங்க. பல்லடத்துக்குப் போற பிரிண்டுல ஒட்டித் தர்றன். ஒரு வாரம் ஓடட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறிப் பல்லடம் போனார்கள். இந்த முறை பத்திரிகை வந்தது. ஆட்டுக்குச் சிரிப்பு டவுன் அளவுக்கு இல்லை. ஆனால் இருவரும் மல்லாந்து விழுந்தபோது, அவளுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னாள்: "அடப் பாவமே, முகூர்த்தத்துக்கு நேரமாச்சே அந்த மனுசனுக்கு!"

சைதுன்னிசா எழுந்து நின்று, பின்னால் இருந்தவர்கள் திட்டத் திட்ட, அதை அப்படியே பசீருக்குக் கையால் சொன்னாள்.

சுப்பையன் அந்தப் பிரிண்டையே மற்ற ஊர்களுக்கும் அனுப்பினார். அடுத்த ஐப்பசியில் ஒரு குடைக்கடை விளம்பரத்துக்காக வீட்டுக்கே வந்தார். பாயில் உட்கார்ந்து, கம்பி எப்படி, துணி எப்படி, எவ்வளவு மழை தாங்கும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"குடை இருக்கட்டுங்க" என்றாள் சைதுன்னிசா. "அதப் புடிச்சுட்டுப் போறது யாருங்க? எங்க போறாங்க?"

சுப்பையனுக்குத் தெரியவில்லை. பசீர் அவர்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் எழுதாத அட்டைகளையும் பென்சிலையும் எடுத்து வந்தான்.